சக்தி முன் முனையில், சத்தம் பின் முனையில்

கோவையில் ஆட்டோமொபைல் மாணவர்களும் பட்டறைத் தோழர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

இந்த மேசை மேல் வரிசையாகக் கிடப்பது ஒரு சிறிய பெட்ரோல் காரின் முழு எக்ஸாஸ்ட். பழைய இரும்புக்கடைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது இன்ஜின் தலையோடு சேரும் மேனிஃபோல்டு. அதன் வாயை ஒட்டி இருக்கும் உருளை, கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதற்கடுத்து வலை போர்த்திய ஃப்ளெக்ஸ் குழாய், நீண்ட நடுக்குழாய், அதன் நடுவே சின்னதாக ஒரு ரெசனேட்டர். வலக்கைக் கோடியில், பின் பம்பருக்கு அடியில் தொங்கும் பெரிய சைலன்சர் டப்பா. நீட்டி வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கார் நீளம் வருகிறது.

"பிக்கப் பத்தவில்லை, எக்ஸாஸ்ட் மாற்றலாம் என்று இருக்கிறேன்" என்று பட்டறைக்கு வரும் தம்பிகளிடம், இதில் எந்தத் துண்டை மாற்றப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கை நீளுவது வலக்கைக் கோடிக்குத்தான். கண்ணுக்குத் தெரிவது அது, காதுக்குக் கேட்பது அது, கழற்றி மாட்டச் சுலபமானதும் அதுவே. ஆனால் சக்தி கூடுவதற்கு ஏதாவது வாய்ப்பு இருக்கிறது என்றால், அது இடக்கைப் பக்கம் இருக்கிறது. வலக்கைப் பக்கம் இருப்பது சத்தம். சத்தத்துக்குக் காசு கொடுத்துவிட்டுச் சக்தி வாங்கியதாக நம்பிக்கொண்டு போகிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன். அது ஏன் என்பதை உங்களுக்குக் கணக்கோடு காட்ட வேண்டும் என்றுதான் இன்று வந்தேன்.

இன்ஜினுக்குள்ளிருந்து தொடங்குவோம். எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட இன்னும் ஐம்பது டிகிரி கிராங்க் சுழற்சி பாக்கி இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருந்தால், அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைப் போல நான்கைந்து மடங்கு அழுத்தம் இருக்கும். ஆகவே புகையில் கணிசமான பங்கு தானாகவே பீறிட்டு வெளியேறிவிடுகிறது. மிச்சத்தைத்தான் பிஸ்டன் மேலே ஏறி வரும்போது தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஆகும் உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேராத உழைப்பு. தள்ளியும் போகாமல் உள்ளேயே தங்கிவிடும் புகை இன்னொரு நஷ்டம்: அது அடைத்துக்கொண்ட இடத்தில் புதுக்காற்று வர முடியாது. எக்ஸாஸ்டை மாற்றி நாம் மீட்க நினைப்பது இந்த இரண்டு நஷ்டங்களைத்தான். இவற்றைத் தாண்டி அதில் வேறு மாயம் எதுவும் கிடையாது.

எவ்வளவு வாயு என்று பார்ப்போம். நம் ஊரில் அதிகம் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த தலைமுறையின் பெட்ரோல் இன்ஜின் 1197 சிசி. அது 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நொடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதே வாயு எரிந்து, 800 டிகிரிச் சூட்டில் மேனிஃபோல்டுக்கு வரும்போது மூன்றரை மடங்கு விரிந்து நொடிக்கு 175 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். வழிநெடுகக் குழாய் வெளிக்காற்றில் ஆறிக்கொண்டே வருகிறது. பின் டப்பாவுக்கு வந்து சேரும்போது சூடு 400 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாயு 110 லிட்டராகச் சுருங்கிவிடும். ஒரே எடை வாயுதான். ஆனால் முன்னால் அது பருத்துக்கொண்டு, வேகமாக ஓடுகிறது. 38 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயில், முன்னால் நொடிக்கு 150 மீட்டருக்கு மேல் போகும் வாயு, அதே அளவுக் குழாயில் பின்னால் 100 மீட்டர்தான் போகிறது. ஒரே மாதிரியான வளைவு, ஒரே மாதிரியான நெருக்கம், முன்னால் இருந்தால் அதிகம் தடுக்கும். பின்னால் இருந்தால் குறைவாகத் தடுக்கும். முன் முனை முக்கியம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. வால்வு திறந்ததும் குழாயில் இரண்டு விஷயங்கள் பயணம் போகின்றன. ஒன்று வாயு. இன்னொன்று, வாயுவின் வழியே அதைவிட வேகமாக ஓடும் அழுத்த அலை. சூடான புகையில் அந்த அலை நொடிக்கு சுமார் 550 மீட்டர் ஓடும். குழாய் சட்டென்று அகலமாகிற இடத்துக்கு அது வந்ததும் ஒரு பகுதி திரும்புகிறது, திரும்பும்போது தலைகீழாகிறது. அழுத்தமாகப் போனது உறிஞ்சலாக வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, இன்டேக் வால்வு திறந்துவிட்ட, அந்த இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு இடைவெளியில் உறிஞ்சல் வந்து சேர்ந்தால், தங்கியிருக்கும் புகையை அது வெளியே இழுக்கும். கூடவே புதுக்காற்றையும் உள்ளே வரவழைக்கும். பிஸ்டன் இறங்கத் தொடங்கும் முன்பே சிலிண்டர் நிரம்பத் தொடங்கிவிடும்.

இதில் எல்லாம் நேரம்தான். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததிலிருந்து அந்த இடைவெளி வரும் வரை 6 மில்லி நொடி சொச்சம். அதற்குள் அலை மூன்று மீட்டருக்கு மேல் போய்த் திரும்பிவிடும். 3000 ஆர்பிஎம்மில் நேரம் இரட்டிப்பாகிறது. அதே குழாயில் அலை முன்கூட்டியே திரும்பி வந்து வீணாகிவிடும். அதற்குக் குழாயும் இரட்டிப்பு நீளம் கேட்கும். நடைமுறையில் அலைக்கு அகலம் உண்டு, குழாய்கள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் திரும்புகிறது. ஆகவே ஹெடர், அதாவது தனித்தனிக் குழாய்களால் ஆன மேனிஃபோல்டு, செய்கிறவர்கள் இந்த நேர்க்கணக்கைவிடக் குட்டையான குழாய்களில்தான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அடிப்படை மாறாது. ஒரு நீளம் ஒரு ஆர்பிஎம்முக்குத்தான் பொருந்தும். எல்லா வேகத்திலும் இழுக்கிற ஹெடரை யாராலும் செய்ய முடியாது.

4-2-1, 4-1 என்று இரண்டு வகை சொல்கிறோமே, அதன் பொருளும் இதிலேயே இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. 4-2-1 வகையில் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி இருப்பதால் ஒன்றின் புகை மற்றதன் வாயில் போய் இடிக்காது. பேருந்து வேகமாகக் கடந்தால் சாலையோரச் சருகுகள் அதன் பின்னால் இழுபட்டு ஓடுமே, அப்படி ஒரு சிலிண்டரின் புகை சேருமிடத்தைக் கடக்கும்போது பக்கத்துக் குழாயில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். 4-2-1 நடு ஆர்பிஎம்மில் நன்றாக உதவும். நான்கு நீண்ட குழாய்களை ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் காருக்கு 4-1 சரியாக இருக்கலாம். அங்கே ஊசி கீழே இறங்குவதே அபூர்வம். அவினாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் காருக்கு அது எதற்கு?

அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் இதே கோவையில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். சாலையில் மளிகை வாங்கப் போகிற காரின் இன்ஜினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோன மனிதர் அவர். பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அந்தக் கார்களில் பழகித்தான் மேலே போனார்கள். அந்தப் பாரம்பரியம் உள்ள ஊர் இது. இங்கே உள்ள லேத் பட்டறைகளில், வெல்டிங் கடைகளில், குழாய் வளைக்கும் கைகளில் அந்தத் திறமை இன்றும் இருக்கிறது. அதை வெறும் சத்தத்துக்குச் செலவழிக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது? என் கணிப்பில், டூ ஸ்ட்ரோக்கிலிருந்து. 1985 முதல் 1996 வரை இங்கே விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வண்டியில் சைலன்சரைத் தொட்டால் இன்ஜினையே தொட்ட மாதிரி. அந்த வகை டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டை மூட வால்வு கிடையாது. சிலிண்டரில் நுழையும் புதுக்கலவை நேராக எக்ஸாஸ்ட் துளை வழியே தப்பி ஓடப் பார்க்கும். குழாயின் வயிறு அகன்று பிறகு ஒடுங்கும் வடிவம்தான் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பியதை மறுபடி சிலிண்டருக்குள் திணிக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்தக் குழாயைப் பொறுமையாகச் செதுக்கிச் செதுக்கி, 1961இல் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். லிட்டருக்கு 200. காற்றை வலிந்து திணிக்கும் கருவி ஏதும் இல்லாமல் அந்த அளவை எட்டிய முதல் இன்ஜின் அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் மேற்குப் பக்கம் தப்பிப் போய், அந்த அறிவைச் சுசுகி நிறுவனத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டத்தைச் சுசுகி வண்டியிலேயே வென்றார். இன்று நம் தெருவில் ஓடும் மாருதி இன்ஜின்களின் மூலவரான அதே சுசுகிதான்.

டூ ஸ்ட்ரோக்கில் குழாய் பாதி இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த வேலையை வால்வுகள் பார்த்துக்கொள்கின்றன. குழாய்க்கு மிஞ்சியிருப்பது உதவிக்கை அளவுதான். அண்ணன் ஆர்எக்ஸில் கண்ட பலனைத் தம்பி ஸ்விஃப்ட்டில் எதிர்பார்க்கிறார். கிடைக்காது.

கிடைப்பது என்ன என்பதையும் கணக்குப் போடுவோம். அந்த ஸ்விஃப்ட் இன்ஜினுக்கு நிறுவனம் சொன்ன அளவு 6000 ஆர்பிஎம்மில் 83 குதிரைத்திறன், 4200இல் 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சக்தி என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கியது. திருப்பிக் கணக்கிட்டால் 6000இல் அதன் முறுக்குவிசை 97 நியூட்டன் மீட்டர். அதாவது 4200க்கு மேல் மூச்சு வாங்குகிறது. 113 என்பது 97ஆக இறங்கிவிடுகிறது. நன்றாக அளந்து செய்த ஹெடர் ஒன்று அந்த 97ஐ 102ஆக ஆக்கினால் 87 குதிரைத்திறன் வரும். நான்கு கூடுதல். சாதாரண இன்ஜினில், வேறெதையும் மாற்றாமல், ஹெடரிலிருந்து இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே ஹெடர் 2500இல் ஆறு நியூட்டன் மீட்டரைப் பறித்துக்கொண்டால் அந்த வேகத்தில் இரண்டு குதிரைத்திறன் போச்சு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில், ஆட்களும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு 2000, 2500 என்று தொடங்கி ஏறுகிறோம். அங்கே அந்த இரண்டு இல்லாமல் போனது காலில் தெரியும். 6000இல் கூடிய நான்கு எங்கேயும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சாலையில் 6000க்குப் போகவே மாட்டோம். எக்ஸாஸ்ட் மாற்றம் பெரும்பாலும் சக்தியை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறது. உங்கள் கார் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் வாழ்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். "கீழே இழுவை வேண்டுமென்றால் பேக் பிரஷர் வேண்டும்" என்று அனுபவசாலிகள்கூடச் சொல்கிறார்கள். பின்னழுத்தத்தால் எந்த இன்ஜினுக்கும் நன்மை கிடையாது. பெரிய குழாய் போட்டதும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைவதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கண்டது நிஜம், காரணம் வேறு. குழாய் அகலமானதும் வாயுவின் வேகம் விழுந்துவிடுகிறது. வேகம் விழுந்தால் பக்கத்துச் சிலிண்டரை இழுக்கும் உதவியும் போய்விடுகிறது. அலையும் நேரம் தவறி வருகிறது. 38 மி.மீ. குழாய்க்குப் பதில் 50 மி.மீ. போட்டால் உள்பரப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும். வேகம் அதற்கேற்பக் குறையும். 1200 சிசிக்கு இரண்டரை அங்குலக் குழாய் கேட்டு வருகிறவரிடம் பட்டறைக்காரர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். விற்றுவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது.

இனி வலக்கைக் கோடியில் இருக்கும் டப்பா. அதன் உள்ளே இரண்டு விதமான அமைப்புகள் உண்டு. ஒன்றில் தடுப்புத் தகடுகளால் அறை அறையாகப் பிரித்து, ஒலியை அங்குமிங்கும் மோதவிட்டு அடக்குவார்கள். இன்னொன்றில் துளையிட்ட நேர்க்குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடி இழை. ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. நன்றாகச் செய்தால் அது தடையும் குறைவு, சத்தமும் அடக்கம். ஆனால் டப்பா போதுமான பருமனாக இருக்க வேண்டும், இழை எரிந்து பறந்துவிடாமல் இருக்க வேண்டும். மலிவான சரக்கில் இரண்டும் இருக்காது. அதைவிட மோசம், உள்ளிருக்கும் தகடுகளை வெட்டி எறிந்துவிட்டு மூடி வெல்டு வைத்துத் தருவது.

அந்தச் சத்தம் சக்தி இல்லை என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். ஒரு குதிரைத்திறன் 735 வாட். தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரைகிற ஒரு காரின் ஒலி ஆற்றலைக் கூட்டினாலும் ஒரு சில வாட்டைத் தாண்டாது. சைலன்சர் விழுங்குவது அந்தச் சில வாட்டைத்தான். அதை வெளியே விட்டதால் சக்கரத்துக்கு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் நம் காது வேகத்தைச் சத்தத்தால் அளந்து பழகியது; இரைச்சல் கூடினால் வண்டி சீறுகிறது என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். அந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள். நெடுஞ்சாலையில் இதே சத்தம் வேறு முகம் காட்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சின்னக் காரின் உள்ளறையும் சேர்ந்து அதிரத் தொடங்கினால், சேலம் போய்ச் சேருவதற்குள் பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தலைவலி வந்துவிடும். மேசை மேல் கிடக்கும் இந்தச் சின்ன ரெசனேட்டர் அந்த ஒரு குறிப்பிட்ட அதிர்வை அடக்கத்தான் வைத்திருக்கிறார்கள். இதையும் வேண்டாத பொருள் என்று வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு.

இப்போது இந்த உருளை, கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகத்தான் பேசுவேன்.

உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். சாதாரணமாக ஒரு சதுர அங்குலத்துக்கு 400 நுண்துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. 250, 300 டிகிரிக்குச் சூடேறியதும் இது வேலையைத் தொடங்குகிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற மூன்று நஞ்சுகளையும் ஒரே நேரத்தில் முறிக்கிறது. சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதால்தான் இன்றைய கார்களில் இதை மேனிஃபோல்டை ஒட்டியே வைக்கிறார்கள். மூன்றையும் முறிக்க வேண்டுமானால் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற விகிதம் பிசகாமல் இருக்க வேண்டும். அதைக் காவல் காக்க முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஒன்று. 1977 மாடலில் வோல்வோ, முன் சென்சார் மட்டும் கொண்ட இத்தகைய ஏற்பாட்டைக் கலிபோர்னியாவில் விற்ற கார்களில் வைத்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலக்காத பெட்ரோல் நம் பங்க்குகளுக்கு வந்ததே இதற்காகத்தான். ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும்.

பவருக்காக இதன் வயிற்றைக் கிழித்துப் பீங்கானைக் கொட்டிவிட்டு, வெற்று உருளையை மாட்டித் தரும் பழக்கம் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டர் இந்த அளவு இன்ஜினில் கொடுக்கும் தடை மிகச் சிறியது. அதை எடுத்ததால் கிடைக்கும் ஒன்றிரண்டு குதிரைத்திறனுக்கு, நஞ்சில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்துக்கொண்டிருந்த ஒரு பொருளைக் குப்பையில் போடுகிறோம். காந்திபுரம் சிக்னலில் உங்கள் காருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. ஓட்டும் தாய்க்கு முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் குழாயின் வாய்க்கும் அந்த மூக்குக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் போக்குவரத்துக் காவலரும், தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மாவும் இதையே சுவாசிக்கிறார்கள். இந்த வேலையைச் செய்யாதீர்கள். யாராவது கேட்டு வந்தால் செய்து தராதீர்கள். தொழில் போய்விடும் என்றாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

செய்தால் காரும் சும்மா இருக்காது. பின் சென்சார் கண்டுபிடித்துவிடும். பி0420 என்ற குறியீட்டோடு மஞ்சள் விளக்கு எரியும். சென்சாரை ஏமாற்ற ஒரு நீட்டிப்புக் குழாய் மாட்டுவார்கள். அப்புறம் நிஜமாகவே கோளாறு வரும்போது அது தெரியாமல் போகும்.

ஒரே ஒரு சூழலில் இந்த உருளையை மாற்றுவதால் பெரிய அளவில் சக்தி கூடும்: அது அடைத்துக்கொண்டிருக்கும்போது. ஆயில் எரிக்கும் இன்ஜின், மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டே பல நாள் ஓட்டிய கார், இவற்றில் பீங்கான் உருகியோ உடைந்தோ வழியை மறித்துவிடும். மேட்டில் ஏறாது, 3000ஐத் தாண்டினால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். சோதனை எளிது. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகி, 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். மூன்று பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு இருக்கிறது. அப்போது புது கன்வெர்ட்டர் போட்டால் கார் பிறந்த அன்று இருந்த சக்தி திரும்பி வரும். பவர் கேட்டு வரும் பழைய கார்களில் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். கூடவே ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் பாருங்கள். இழந்ததை மீட்பது புதிதாகச் சேர்ப்பதைவிட எப்போதும் மலிவு.

கசிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹெடர் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது, துருவேறிய ஸ்டட் முறிந்த இடத்தில் ஒரு போல்ட்டைக் குறைத்துப் பூட்டுவது, இவற்றால் முன் சென்சாருக்கு முன்னால் ஒரு நூலளவு விரிசல் வந்தால்கூடப் போதும். புகை வெளியே கசிவது ஒரு பக்கம். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே குழாயில் உறிஞ்சல் வரும்போது வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும், கடைசியில் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடும். புது ஹெடர் மாட்டியபின் "மைலேஜ் போச்சு" என்று திரும்பி வரும் கார்களில் நான் முதலில் தேடுவது இந்தக் கசிவைத்தான்.

பட்டறைத் தோழர்களுக்கு இன்னொன்று: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பக்கத்துக் கடை வரை போய்வரும் காரில் அந்த ஆவி பின் டப்பாவிலேயே தண்ணீராக நின்று உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெறும் இரும்புக் குழாயில் செய்து பெயின்ட் அடித்துக் கொடுத்தால் நீண்ட நாள் தாங்காது. 304 ஸ்டெயின்லெஸ் போடுங்கள். சென்சாருக்கு வெல்டு வைக்கும் துளை குழாயின் மேல்பக்கம் இருக்கட்டும்; அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கி சென்சாரைக் கொன்றுவிடும்.

டர்போ கார்கள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இன்ஜின் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. கழற்ற ஹெடரே கிடையாது. அங்கே அலைக் கணக்குக்கும் அவ்வளவு வேலை இல்லை. டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது; ஆகவே டர்பைனுக்குப் பின்னால் தடை குறையக் குறைய நேரடியாக லாபம். பெரிய குழாய் அங்கே நிஜமாகவே உதவும். ஆனால் ஈசியூவில் அழுத்தத்துக்கு வரம்பு எழுதியிருப்பதால், அதை மாற்றி எழுதாமல், அதாவது ரீமேப் செய்யாமல், முழுப் பலன் வராது. ரீமேப் செய்தால் கிளட்ச், கியர்பாக்ஸ், வாரண்டி எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு.

டர்போ இல்லாத கார்களுக்கும் ஈசியூ முக்கியம். சாதாரண ஓட்டத்தில் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஈசியூ, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்ததும் தனக்குள் எழுதியிருக்கும் அட்டவணையை நம்பித்தான் பெட்ரோல் விடுகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில், ஹெடரால் சிலிண்டர் கூடுதலாக நிரம்புவது அந்த அட்டவணைக்குத் தெரியாது. காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் கலவை வறளும், சூடு ஏறும். ஹெடருக்குச் செலவு செய்கிறவர் டியூனிங்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஒலி, புகை அளவை மீறினால் 190ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில் பிரச்சினையாகும். பந்தயத்தில் ஆசை இருப்பவர்களுக்குச் செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடங்கள் இருக்கின்றன. பந்தய வகுப்பின் விதிகளுக்கு உட்பட்டு அங்கே மேனிஃபோல்டிலிருந்து கடைசிக் குழாய் வரை விருப்பம்போல் செய்து பாருங்கள். அந்த ஆசை நல்ல ஆசை. அதற்கான இடம் அதுதான்.

கடைசியாக, அளப்பது. மாற்றுவதற்கு முன், சக்தியை அளக்கும் டைனோவில் மூன்று ஓட்டம், மாற்றியபின் மூன்று ஓட்டம். அதே டைனோ, அதே நாள், அதே டயர், அதே காற்றழுத்தம். காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று ஓட்டினால் வெயிலே இரண்டு குதிரைத்திறனைத் தின்றுவிடும். அதை ஹெடரின் கணக்கில் எழுதிவிடுவோம். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், 2000இலிருந்து 6000 வரை முழுக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று வாடிக்கையாளருக்கு விரல் வைத்துக் காட்டி, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மேசை மேல் இருப்பவற்றை அருகே வந்து தொட்டுப் பார்க்கலாம். கன்வெர்ட்டரைக் குறுக்கே அறுத்து வைத்திருக்கிறேன், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளை இப்போதே கேட்கலாம்.